மின் அக்குபங்சர்: எனக்கும் எங்கள் வீட்டு ராணிக்கும்

முழங்கால் தேய்மானத்துக்காக மின் அக்குபங்சர் எடுத்துக்கொள்ளத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இடையில் எங்கள் வீட்டு டாக்ஸ்ஹண்ட் நாய் ராணிக்கு முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் தளர்ந்துபோனதால் அவளுக்கும் அதே சிகிச்சை நடந்தது. பினாங்கில் எதிர்ப்படும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "குணமாகிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். எனக்கு இல்லை. ஆனாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெலுத்தோங்கில் நான் போகும் சின்சே (சீன வைத்தியர்), முழங்காலைச் சுற்றி மெல்லிய ஊசிகளை இறக்கி, அவற்றில் சிலவற்றின் தலையில் கவ்விகளை மாட்டிச் சிறிய பெட்டி ஒன்றோடு இணைப்பார். ஊசி குத்துவது ஒரு பொருட்டே இல்லை. அவர் குமிழைத் திருப்பும்போதுதான் கவனம் வேண்டும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தொடைத்தசை நம்மைக் கேட்காமலேயே துள்ளும். "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று மலாயில் கேட்பார். வீரம் காட்டாமல் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவது நல்லது. சில நிமிடங்களில் உடம்பு பழகித் துடிப்பு மங்கியதும் அவரே வந்து சற்றுக் கூட்டுவார்.

நொடிக்கு 2 துடிப்பு என்று வைத்தால் தசை விட்டுவிட்டு இழுக்கும்; 100 என்றால் ஒரே விறுவிறுப்புதான். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், குறைந்த வேகம் என்கெஃபலினையும் எண்டார்ஃபினையும், அதிக வேகம் டைனார்ஃபினையும் சுரக்க வைப்பதாகக் கண்டார்கள். எல்லாமே உடம்பு தானே தயாரிக்கும் வலிநிவாரணிகள். எனக்கு இரண்டு வேகங்களையும் மாற்றி மாற்றி வைப்பது அதனால்தான்.

பலன்? இரண்டு மூன்று நாள்களுக்கு வலி அடங்குகிறது, இரவில் தூக்கம் வருகிறது, மாத்திரை குறைந்திருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிடுகிறேன். இறங்கும்போதுதான் முட்டி பேசத் தொடங்கும். தேய்ந்த குருத்தெலும்பு மின்சாரத்தால் வளர்ந்துவிடாது. மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் சொன்னது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியோ 2019இல் முழங்காலுக்கு நிபந்தனையோடு பரிந்துரைத்திருந்தது. பெரியவர்களே ஒத்துப்போகாத இடத்தில் என் முட்டியின் சாட்சியம் எம்மாத்திரம்!

ராணி விஷயத்தில் முதலில் போனது கால்நடை மருத்துவரிடம். அவர் அவள் கால்விரலை அழுத்திக் கிள்ளிப் பார்த்தார். சட்டென்று திரும்பி முறைத்தாள். அந்த உணர்வு போயிருந்தால் ஊசி பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே அறுவை சிகிச்சைக்கு யோசிக்க வேண்டும் என்றார். மருந்து கொடுத்து, வாரக்கணக்கில் கூண்டுக்குள் ஓய்வாக வைத்து, அதோடு சேர்த்துத்தான் மின் அக்குபங்சர். முதுகுத்தண்டின் இருபுறமும் ஊசிகள் நின்றன. கவ்வியின் பாரத்தில் அவை சாய்ந்ததால் கம்பிகளை அவளுடைய ரோமத்தோடு டேப் போட்டு ஒட்டினார் மருத்துவர். ராணி ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள்.

இப்போது நடக்கிறாள், பின்பக்கம் லேசாக ஆடுகிறது. "வைத்தியத்தின்மேல் நாய்க்கு நம்பிக்கை என்று ஏதாவது இருக்கிறதா, அண்ணே? அது நடக்கிறதென்றால் இது உண்மையான வைத்தியம்தான்" என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. நாய்க்கு இல்லாவிட்டாலும் அதை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நம்பிக்கை இருந்ததே! தவிர, லேசான பாதிப்புள்ள நாய்கள் பல கூண்டு ஓய்வாலேயே எழுந்து நடக்கின்றன. பிரேசில் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, நாள்பட்ட கடும் பாதிப்புள்ள நாய்களுக்கு மின் அக்குபங்சர் அறுவை சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்ததாகச் சொன்னது உண்மைதான். அதில் இருந்தவை 40 நாய்கள்.

செலவைப் பொறுத்தவரை, ராணியின் கட்டணம் என்னுடையதைவிட அதிகம். வேறொரு நிலையத்தில் மொத்தமாகப் பணம் கட்டினால் முட்டியை 'புதிதாக்கித்' தருவதாகச் சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டேன். அரசு மருத்துவமனைகளிலும் அக்குபங்சர் பிரிவுகள் உண்டு, 2007இல் முதலில் வந்தது நம் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில்தான். தனியாரிடம் போகிறவர்கள், மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றும். தைப்பூச விரத நாள்களில் நான் போவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, வலிப்பு நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருக்கும் என் மாமனாருக்கு சின்சே கவ்வியை மாட்டவே இல்லை. அவருக்கு வெறும் ஊசி மட்டும்தான்.