ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ்: பல வருடப் பயன்பாட்டில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

ஐந்தாறு மாடிக் குடியிருப்பு, சிறிய மருத்துவமனை போன்ற நடுத்தரக் கட்டடங்களுக்கு ரெவிட் மென்பொருளில் முப்பரிமாண மாடல் செய்து, நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் மோதல் (குழாய், பீம் போன்றவை ஒன்றோடொன்று எங்கே இடிக்கிறது என்று) பார்த்து, அதை வைத்தே சைட் வேலையை நடத்துவது கட்டுப்படியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகும். கான்கிரீட் போடுவதற்கு முன் எங்கெங்கே ஓட்டை விட வேண்டும் என்பதை இந்த அளவுக்குத் துல்லியமாகக் காட்ட வேறு வழி இல்லை. கான்கிரீட், கல், பூச்சு இவற்றின் அளவு எடுப்பதில் மட்டும் மாடல் சொல்வதை அப்படியே நம்பினால் பில் தப்பாகும்.

ஒரு கழிவறையை எடுத்துக்கொள்வோம். தளத்தை 300 மி.மீ. இறக்கி சன்கன் ஸ்லாப் போட்டு, அந்தப் பள்ளத்துக்குள் 110 மி.மீ. கழிவுக் குழாயை ஓட்டி, ஷாஃப்டுக்கு (குழாய்கள் மேலும் கீழும் ஓடும் செங்குத்து இடைவெளிக்கு) கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். நடுவில் 450 மி.மீ. ஆழமுள்ள பீம் நிற்கும். பிளானில் குழாய் ஒரு கோடு, பீம் இரண்டு கோடு. ஒரு சிக்கலும் தெரியாது. மாடலில் அந்த இடத்தில் செக்‌ஷன் வெட்டிப் பார்த்தால் கதை வேறு. குழாய் பீமைத் தொடும் இடத்தில் அதன் மையம் பீமின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 215 மி.மீ. கீழே இருக்கிறது. கிட்டத்தட்ட நடு ஆழம், நல்ல இடம்தான். ஆனால் 110 குழாய் நுழைய 160 மி.மீ. குழாயைத்தான் ஸ்லீவாக, அதாவது கான்கிரீட் போடும் முன்பே ஓட்டைக்காகப் பதிக்கும் உறையாக, வைப்பார்கள். பீமில் விடும் ஓட்டை அதன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. 450-க்கு அது 150. பத்தே மி.மீ. இடிக்கிறது. பீமை 500 ஆக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் போகும் பக்கத்தை மாற்ற வேண்டும். டிராயிங்கில் இது அரை நாள் பேச்சு. சென்ட்ரிங் பிரித்த பிறகு தெரியவந்தால் கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் மெஷின் வரும். அது கான்கிரீட்டோடு பீமின் ஸ்டிரப் (வளையக்) கம்பியையும் சேர்த்து அறுத்துவிடும். ஆறு மாடிக்கும் ஒரே பிளான் என்றால் அதே தப்பு ஆறு முறை.

இந்தப் பலன் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. கழிவுக் குழாய்க்கு வாட்டம் (தண்ணீர் தானாக ஓடச் சரிவு) கொடுத்தே மாடல் செய்ய வேண்டும். வேகமாக முடிப்பதற்காகக் குழாயைச் சமமட்டத்தில் வரைந்துவிட்டு "மோதல் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பேஸ்மென்ட் கூரையடியில் 20 மீட்டர் ஓடும் குழாய், 80-க்கு 1 வாட்டத்தில் 250 மி.மீ. இறங்கும். கார் நிறுத்துமிடத்தில் உயரம் பறிபோவது அங்கேதான். குழாய்க்கு வாட்டம் இல்லாத மாடலைக் கையில் வாங்கவே கூடாது.

மோதல் பார்க்கும்போது எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் ஆயிரக்கணக்கில் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் பீம், தளம், தூண் ஆகியவற்றோடு கழிவுக் குழாய். பிறகு அவற்றோடு ஏ.சி. டக்ட், அதன் பிறகு டக்டும் கேபிள் டிரேயும். தண்ணீர்க் குழாய் கடைசி. டாலரன்ஸ், அதாவது கண்டுகொள்ளாமல் விடும் இடிப்பின் அளவு, 25 மி.மீ. வைத்தால் உரசல்கள் கழிந்து, நிஜமான இடிப்பு மட்டும் மிஞ்சும். யார் விலகுவது என்பதும் இதே வரிசைதான். வாட்டத்தில் ஓடுவது நகராது, அழுத்தத்தில் ஓடுவது வளைந்து போகும். 25 மி.மீ. கண்டியூட்டை (மின்கம்பி போகும் குழாயை) மாடலில் வரைவது வீண் வேலை.

மருத்துவமனை நடைபாதையில் இடம் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். தளத்துக்குத் தளம் 3600. பீம் 600 போனால் 3000. ஃபால்ஸ் சீலிங் 2700-இல். மிச்சம் 300 மி.மீ. அதில் 600×250 டக்ட், மேலும் கீழும் 25 மி.மீ. இன்சுலேஷன் என்றால் 300-உம் தீர்ந்தது. சீலிங் ஃபிரேமுக்கு இடமே இல்லை. டக்டை 750×200 ஆக்கினால் பரப்பு அதேதான், 50 மி.மீ. கிடைக்கும். ஏ.சி. கன்சல்டன்ட் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தட்டையான டக்டில் உராய்வு கூடும். டக்ட் ஷீட் வெட்டுவதற்கு முன் இந்தப் பேச்சு நடந்துவிடுவதே மாடலின் சம்பாத்தியம்.

இனி அளவு. 230×450 பீமும் 125 மி.மீ. ஸ்லாப்பும் ஒரே மேல்மட்டத்தில் இருக்கும். ரெவிட்டில் இரண்டையும் இணைக்கும் ஜாயின் கட்டளையைக் கொடுக்காமல் விட்டால் சந்திக்கும் பகுதி இரண்டு தடவை எண்ணப்படும். மீட்டருக்கு 0.029 கன மீட்டர்தான்; ஆயிரம் மீட்டர் பீமுக்கு 29 கன மீட்டர் அதிகம் காட்டும். சுவரிலும் இப்படித்தான். சுவரின் உச்சியை மேல் லெவலோடு கட்டிவிட்டால், பீமுக்கு அடியில் நிற்க வேண்டிய சுவர் பீமுக்குள்ளும் ஏறிவிடும். 3 மீட்டர் உயரத்தில் 450 மி.மீ. என்றால், உண்மையில் நிற்கும் 2.55 மீட்டர் சுவரைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் கல்.

இவை மாடல் செய்பவரின் கவனக்குறைவு, திருத்திவிடலாம். பூச்சு வேலையில் உள்ள வித்தியாசம் வேறு வகை. ஜன்னல், கதவுத் திறப்புகளின் பரப்பை மாடல் சுத்தமாகக் கழித்துச் சொல்கிறது. நம் பில், கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 முறைப்படி போகிறது. அதன்படி 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் பூசினாலும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிவு. 1.2×1.2 ஜன்னலுக்கு மாடல் 2.88 கழிக்கும், பில்லில் 1.44-தான் கழியும். எட்டு ஜன்னல் உள்ள வீட்டில் வித்தியாசம் 11.5 சதுர மீட்டர். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை கிளம்புவது பல இடங்களில் இதனால்தான். யார்மேலும் தப்பில்லை, அளக்கும் விதி வேறு. திறப்புகளின் பட்டியலைத் தனியாக எடுத்து, எக்செலில் விதியைப் போட்டுக்கொள்வதே வழி. கம்பி அளவுக்கு மாடலை நாடாதீர்கள். நெருக்கமான தூண்-பீம் சந்திப்புகளை மட்டும் கம்பியோடு வரைந்து பார்த்தால் போதும்.

தொடக்கத்திலேயே சொதப்புவது சர்வே டிராயிங். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யு.டி.எம். முறையில் சென்னை 44-ஆம் மண்டலத்தில் வருகிறது. வடக்கு ஆயத்தொலைவு (நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம்) 14 லட்சம் மீட்டருக்கு மேல். ரெவிட்டுக்கோ தன் உள் மையப்புள்ளியிலிருந்து 16 கி.மீ.க்குள் வேலை இருக்க வேண்டும். சர்வேயின் ஆயத்தொலைவிலேயே கட்டடத்தை வரைந்தால் கோடுகள் நடுங்கும், ஸ்னாப் (கோட்டின் முனையைச் சரியாகப் பிடிப்பது) வேலை செய்யாது. ஏ-1 கிரிட் சந்திப்பை (தூண்களுக்கான ஏ கோடும் 1 கோடும் வெட்டும் புள்ளியை) மையப்புள்ளிக்கு அருகில் வைத்து, சர்வேயை லிங்க்காகக் கொண்டுவந்து பொருத்தி, அதன் ஆயத்தொலைவை மாடலுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இதை முதல் நாளே எல்லா கன்சல்டன்ட்டும் செய்ய வேண்டும். பாதியில் மாற்றுவது பெரும் அவதி.

ரெவிட்டின் பதிப்பும் அப்படியே. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறக்க முடியாது, பின்னோக்கிச் சேமிக்கவும் வழியில்லை. வேலை முடியும் வரை ஒரே பதிப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சைட்டில் எல்லோருக்கும் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் இலவசம், நேவிஸ்வொர்க்ஸில் சேமித்த என்.டபிள்யூ.டி. கோப்பைத் திறந்து சுற்றிப் பார்க்கலாம், அளக்கலாம். ஆனால் மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் உதவுவது ஏ3 பிரிண்ட்தான்: ஒரு கழிவறைக்கு ஒரு தாள், கிரிட் கோட்டிலிருந்து ஸ்லீவ் மையம் எவ்வளவு, பீம் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே என்று இரண்டே அளவு, பெரிய எழுத்தில். கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் போடும் முந்தைய நாள், டேப் பிடித்து ஒவ்வொரு ஸ்லீவையும் தாளோடு ஒப்பிட வேண்டும். ஸ்டிரப் இடிக்கிறது என்று கம்பி கட்டுபவர் 40 மி.மீ. நகர்த்தியிருப்பார். அது அன்றைக்கே மாடலில் ஏறி, அடுத்த மாடித் தாள் அந்தத் திருத்தத்தோடு சைட்டுக்குப் போக வேண்டும்.