சின்னப் பள்ளி, மூன்று வருடம், ஒரு தீராத எரிச்சல்

மூன்றாம் வகுப்புப் பையன், டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான அந்தச் சின்னப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கொளத்தூர் நண்பர் கேட்கிறார். கட்டணம், வகுப்புக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அவரே விசாரித்தாயிற்று. எங்கள் பிள்ளையை அங்கே மூன்று வருடம் அனுப்பிய பிறகு தெரிவது வேறு.

கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதே இல்லை. இதற்கே பணம் கொடுக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பலகையிலிருந்து கண் நோட்டுக்கு இறங்குவதற்குள் எழுத்து வரிசை நழுவிவிடும். நிமிர்ந்து தேடுவதற்குள் டீச்சர் அழித்திருப்பார். சாதாரணப் பள்ளியில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். இங்கே ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே மணல் தட்டில் விரலால் எழுத வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். நேற்றைய எழுத்து அட்டைகளைப் புரட்டாமல் புதுசு தொடங்குவதில்லை. ஆங்கிலத்தில் 'b', 'd' மாறாட்டம் இப்படித்தான் குறைந்தது.

தமிழ்? "அதுக்குத்தான் விலக்கு இருக்கே சார்." தமிழை இப்படி ஏன் சொல்லித்தருவதில்லை என்று பள்ளியில் கேட்டால் மூன்று வருடமாக இதே பதில். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் சலுகைதான். அதைக் காட்டி 8 வயதிலேயே ஒரு மொழிக்குப் பூட்டுப் போடுவதா? தண்டையார்பேட்டையில் வளர்கிற பிள்ளைக்கு பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் தமிழில்தானே!

இத்தனைக்கும் ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்தும் ஒலியும் ஒட்டித்தான் போகின்றன. சிக்குகிற இடங்கள் கொஞ்சம்தான். 'கெ'யில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ 'க்'குக்குப் பிறகு வருகிறது. 'கொ' வந்தால் கொம்பும் காலும் இருபுறம். 'கௌ'வின் வால் அப்படியே 'ள'. 'கடல்', 'பகல்', 'அங்கே' மூன்றிலும் ஒரே 'க', மூன்று ஒலி. நம் வடசென்னைப் பேச்சில் இன்னொன்றும் உண்டு: பழம் 'பயம்' ஆகிவிடும், ளகரமும் லகரமும் கலந்துவிடும். காதில் விழாத வேறுபாட்டைக் கை எழுதாது. இதற்கு ஒலிப்பயிற்சி மட்டும் போதாது. பழம், கிழங்கு, மழை என்று ழகரச் சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்துப் பழக்க வேண்டும். இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்களேதான் செய்ய மாட்டேன் என்கிறார்கள். கோபம் அதனால்தான்.

மற்றவை சுருக்கமாக. தனியார் உளவியலாளரின் ரிப்போர்ட் வேறு, அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேறு. 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் சான்றிதழ் 8 வயது ஆன பிறகுதான் என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை என்றும் இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டினாலும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும் முதல் பீரியட் போச்சு. அதில் வாசிப்பு வகுப்பு வைக்க வேண்டாம் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

திட்டித் தீர்த்துவிட்டேன். பையனைச் சேர்த்துவிடுங்கள், அடுத்த ஜூனுக்குக் காத்திருக்க வேண்டாம். தமிழை வீட்டில் பாருங்கள்: வாரம் மூன்று நாள், 20 நிமிடம், ஒரு தாம்பாளத்தில் ரவை. முதலில் 'க' எழுதி ஒலியைச் சொல்லட்டும். கொம்பை வேறு நிற அட்டையில் வெட்டி, "எ" என்று சொல்லிக்கொண்டே அதை இடப்பக்கம் நகர்த்தி வைக்கட்டும். இரட்டைக்கொம்பு அடுத்த வாரம்.