பில் இருக்கிறது, உரிமம் இல்லை: 3டி மாடல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கேம் செய்கிறவர்கள், குறிப்பாகக் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புங்கள். தென்னிந்திய நெடுஞ்சாலை என்று சொல்லி, லாரி, டீக்கடை, செக்போஸ்ட், பெட்ரோல் பங்க், தென்னை, பனை எல்லாம் அடங்கிய, கேமுக்குள் வைக்கக் கம்ப்யூட்டரில் உருவாக்கும் 3டி மாடல்களின் தொகுப்பு ஒன்றை ஒரு ஸ்டூடியோ விற்றுக்கொண்டிருக்கிறது. நாங்கள் முழுப் பணம் கொடுத்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினோம். அதில் இருக்கும் லாரி அவர்களுடையதே இல்லை. இந்தோனேசியாவில் இருக்கும் ஒரு பெண் செய்தது. எங்கள் கேமை இணையக் கடையிலிருந்து தூக்கிய பிறகுதான் அது தெரிய வந்தது. ஸ்டூடியோவின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். ஆனால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல அவர் தடை போடவில்லை.

நாங்கள் இரண்டே பேர். நான் கொழிஞ்சாம்பாறை, கூட்டாளி வேலந்தாவளம். இருப்பது கேரளம், பேசுவது தமிழ், சரக்கு எடுக்கப் போவது கோயமுத்தூர். கேமின் களம் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் அங்கே லாரிகள் நின்ற வரிசையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள்தான் கிளீனர். வண்டியில் தக்காளி லோடு. அது அழுகுவதற்குள் காகிதங்களில் முத்திரை வாங்கி வண்டியை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். வரிசையில் நிற்கும்போது சமைக்கலாம், சீட்டு ஆடலாம், முன்னால் நிற்கும் டிரைவரோடு சண்டை போடலாம். கூட்டாளியின் அப்பா அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர். பாதிக் கதை அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

எங்களுக்குப் புரோகிராம் எழுத வரும், மாடல் செய்ய வராது. வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் லாரிகள் எல்லாம் அமெரிக்க மூக்கு நீண்ட வண்டிகள். கேபினுக்கு மேலே கிரீடம், பின்னால் 'சவுண்ட் ஹார்ன்', பக்கவாட்டில் பூ வேலை, இதெல்லாம் கொண்ட வண்டி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தொகுப்பு கண்ணில் பட்டது. 18,000 ரூபாய், மேலே 18 சதவீத வரி, ஆக 21,240. எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. வாங்குவதற்கு முன்பே கேட்டோம்: எல்லாம் நீங்களே செய்ததா, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, எழுத்தில் தருவீர்களா? 'நூறு சதவீதம் எங்க டீம் பண்ணதுங்ணா' என்று வாட்ஸப்பில் பதில் வந்தது. ஒரு பக்கத்தில் உரிமக் கடிதமும் வந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு முழு உரிமை, ஆயுள் முழுவதும் என்று இருந்தது. பில்லில் '3டி மாடல்ஸ், 1 நோஸ்' என்று போட்டிருந்தது. பருப்பு மூட்டைக்குப் போடுகிற மாதிரி.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், விற்பனை சூடு பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடையிலிருந்து மெயில் வந்தது. காப்புரிமை (காப்பிரைட்) புகார் வந்திருக்கிறது, பக்கம் நீக்கப்பட்டது. இணையக் கடைகளில் பெரும்பாலானவை இதை அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டப்படிதான் செய்கின்றன. புகார் முறையாக வந்தால் முதலில் பொருளை இறக்கிவிடுவார்கள், யார் சரி என்று கடை தீர்ப்புச் சொல்லாது. இறக்கினால்தான் சட்டம் கடைக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு நிற்கும். அதனால் கடை மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். எடுத்தவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதே வார்த்தைகளை அவன் மற்றவர்களிடமும் சொல்லுவான்:

'அண்ணா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா. நீங்க கவுண்டர் நோட்டீஸ் போட்டுடுங்க. பதினாலு நாள்ல கேம் திரும்ப வந்துரும். அந்தம்மா அங்கிருந்து வந்து அமெரிக்காவுல கேஸ் போடப் போகுதுங்களா?'

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. எதிர் அறிவிப்பு (அவன் சொன்ன கவுண்டர் நோட்டீஸ்) கொடுத்தால், புகார் கொடுத்தவர் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பொருளைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த அறிவிப்பில் நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். தவறுதலாக நீக்கப்பட்டது என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன் என்று, பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறீர்கள். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஒப்புக்கொள்கிறீர்கள். உங்கள் பெயர், முகவரி எல்லாம் புகார் கொடுத்தவருக்குப் போகும். திருட்டு மாடலை விற்றவன் பெயர் அதில் எங்குமே வராது. மாட்டுவது நீங்கள்.

இங்கேயும் அப்படித்தான். இந்தியாவும் இந்தோனேசியாவும் காப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் படைப்புக்கு இங்கே பதிவு எதுவும் இல்லாமலேயே பாதுகாப்பு உண்டு. தெரிந்தே காப்புரிமை மீறினால் 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். புகார் கைக்கு வந்த பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது இல்லையா.

சரி, அந்தப் பெண் சொல்வது உண்மைதானா என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். கூட்டாளி லாரியின் எஃப்பிஎக்ஸ் கோப்பை (3டி மாடல் இருக்கும் கோப்பு) சும்மா நோட்பேடில் திறந்தான். பெரும்பாலும் குப்பை எழுத்துகள்தான் தெரியும், ஆனால் நடுநடுவே, மாடலின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்கள் இருந்த ஃபோல்டரின் முழு முகவரி அப்படியே பதிந்திருக்கும். எங்கள் லாரியில் இருந்த முகவரியில் ஃபோல்டர் பெயர்கள் இந்தோனேசிய மொழியில் இருந்தன. கோப்பின் பெயரை மாற்றினவன் உள்ளே இருப்பதைத் தொடவில்லை.

அதைவிட நல்ல ஆதாரம் நம்பர் பிளேட்டில் கிடைத்தது. ஒரு மாடலுக்கு நிறத்துக்கு ஒரு படம், மேடு பள்ளத்துக்கு நார்மல் மேப் என்று தனியாக ஒரு படம். நிறப் படத்தில் மஞ்சள் பிளேட், கருப்பில் கேஎல் 09 என்று அழகாக எழுதியிருந்தார்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் லாரியின் பின்பக்கம் ஒரு ஸ்பாட் லைட்டைச் சாய்வாக வைத்து, நிறப் படத்தை மட்டும் கழற்றிவிட்டுப் பார்த்தோம். கேஎல் 09 போய்விட்டது. அதே இடத்தில், தகட்டில் அடித்த மாதிரி மேடாக, பி என்ற எழுத்தில் தொடங்கும் வேறொரு நம்பர் எழுந்து நின்றது. பி என்பது ஜகார்த்தா வண்டிகளின் எழுத்து. மேலே பெயின்ட் அடித்தவன் மேட்டை அழிக்க மறந்துவிட்டான். இந்தோனேசியாவிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம். அதனால் அந்த ஊர் லாரி இந்த ஊர் லாரி ஆக ஒரு கோட்டு பெயின்ட் போதும். இந்தோனேசிய பஸ் கேம் ஒன்றுக்குக் கேரளத்துப் பையன்கள் செய்யும் 'மாட்'களையும் (கேமில் சேர்க்கும் கூடுதல் வண்டிகள்), ஒருவர் பூட்டிவைத்த மாட் கோப்பை இன்னொருவர் உடைத்து விற்கும் கூத்தையும் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஸ்டூடியோ மேலே போட்ட பூ வேலையும் கிரீடமும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு லாரி செய்யத் தெரியாமல் இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். பில், வாட்ஸப் உரையாடல், உரிமக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்தேன். நியாயமான ஆள். தன் கடைப் பக்கத்தின் சுட்டியை அனுப்பினார். லாரி 30 டாலர். கேமில் எத்தனை பிரதி விற்றாலும் பிரச்சினை இல்லை; மாடலை மாடலாகத் திரும்ப விற்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அவரிடமே நேராக வாங்கினோம், புதிய ரசீதை அனுப்பினோம், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பக்கம் திரும்ப வந்தது. ஆனால் ஓணம் போயிருந்தது, முதல் பக்கத்தில் இருந்த இடமும் போயிருந்தது.

ஸ்டூடியோவிடம் பணம் திரும்பக் கேட்டோம். முதலில் 'எங்ககிட்ட ரீசேல் ரைட்ஸ் இருக்கு' என்றார்கள். காட்டுங்கள் என்றதும் வந்தது, அதே பெண்ணிடம் அதே 30 டாலருக்கு வாங்கின ஒற்றை ரசீது. அதன் அடியிலேயே மறுவிற்பனை கூடாது என்று எழுதியிருக்கிறது. அப்புறம் பேச்சு மாறியது: உங்களுக்குத் தந்தது அடிப்படை உரிமம், நீட்டித்த உரிமம் வேண்டுமென்றால் இன்னும் பணம் கட்டுங்கள். தன்னிடம் இல்லாததை ஒருமுறை விற்றது போதாது என்று இரண்டாவது முறையும் விலை பேசினார்கள். அடுத்ததாக அவர்கள் தளத்தில் உரிம வாசகமே மாறியது. 'மூன்றாம் நபர் உரிமைகளைச் சரிபார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு' என்று புதிதாக ஒரு வரி, தேதியும் பழைய தேதி. வாங்கின அன்றைக்கே அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமிக்கும் வேபேக் மெஷினில் கூட்டாளி சேமித்து வைத்திருந்தான். அந்த வரி அப்போது இல்லை. இன்றைக்குப் புகாரில் எங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், பில்லை நம்பாதீர்கள். பில் பணம் கைமாறியதற்குச் சான்று, உரிமை கைமாறியதற்கு இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி உரிமம் தரக்கூடியவர் உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்த முகவரோதான், அதுவும் எழுத்தில். உரிமத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது (19-ஆம் பிரிவு, 30ஏ அதை உரிமத்துக்கும் பொருத்துகிறது). எங்கள் கடிதத்தில் ஆயுள் முழுவதும் என்று இருந்தது, உலகம் முழுவதும் என்று இல்லை. கேம் கடைகளோ உலகம் முழுக்க விற்கின்றன. ஆக விற்றவன் உண்மையான உரிமையாளனாகவே இருந்திருந்தாலும் அந்தக் கடிதம் ஓட்டைதான். இப்போது நாங்கள் யாரிடம் வாங்கினாலும் இரண்டு சொற்களையும் போடச் சொல்கிறோம். கூடவே வேலைக் கோப்பிலிருந்து பாதி முடிந்த நிலையில் ஒரு படம் கேட்கிறோம். சொந்தமாகச் செய்தவரிடம் அது கட்டாயம் இருக்கும். இல்லாதவர் சுற்றி வளைப்பார்.

நேர்மையான கடைகளிலும் இடறும் இடங்கள் உண்டு. பிராண்டு முத்திரையோடு வரும் வண்டி மாடல்களுக்கு 'எடிட்டோரியல்' (செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும்) என்று அடையாளம் போட்டிருப்பார்கள், அதை விற்பனைக்கு வரும் கேமில் வைக்க முடியாது. அன்ரியல் என்ற கேம் எஞ்சினுக்கு மட்டும் என்று குறித்த பொருளைக் கோடோ போன்ற வேறு எஞ்சினில் போட முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் என்சி (வணிகத்துக்கு இல்லை) என்று இருந்தால், விளம்பரம் வைத்த இலவச கேமிலும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. கையில் காசே இல்லை என்றால் கென்னி தளத்தில் சிசி0 உரிமத்தில் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்) எவ்வளவோ கிடைக்கிறது, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டெலிகிராமில் 999 ரூபாய்க்கு ஐம்பது ஜிபி என்று வருவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது என்ன என்று வாங்குகிறவருக்கும் தெரியும்.

எங்கள் புகார் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கினவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கினது நுகர்வோர் ஆகாது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கினால் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது, எங்கள் வாதம் அதுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் தரும்போது ஹாஷ் எண்ணும் (கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறினால் அதுவும் மாறும்) குறிக்க வேண்டும். அதனால் அவர்கள் அனுப்பின ஜிப் கோப்பைத் திறந்து மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள், வேலை செய்ய வேறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே தொகுப்பு இப்போது வேறு பெயரில், வேறு தளத்தில், கிரீடத்தின் நிறம் மட்டும் மாறி விற்பனைக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கினவர்கள் லாரியின் பின் பிளேட்டில் லைட் அடித்துப் பாருங்கள். பழைய நம்பர் தெரிந்தால், பில்லையும் அவர்கள் தந்த உரிமக் கடிதத்தையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் கொடுக்க நுகர்வோர் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, வக்கீல் அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்.