ஃபினிஷா, டெர்மினேட்டா?
'முடிப்பது' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள இந்த இரண்டு சொற்களுமே (finish, terminate) லத்தீன் வழி வந்தவை. இரண்டின் வேரிலும் 'எல்லை' என்ற பொருள் இருக்கிறது. லத்தீன் 'ஃபினிஸ்' பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து ஃபினிஷ் ஆனது. சாப்பாடு, வீட்டுப்பாடம், கையிலிருக்கும் நாவல் என எதற்கும் பொருந்தும். செய்து முடித்தோம் என்ற நிறைவு அதில் உண்டு.

டெர்மினேட்டின் கதை இன்னும் சுவையானது. 'டெர்மினஸ்' என்றால் எல்லைக்கல். ரோமானியர்கள் அதையே தெய்வமாக்கி, பிப்ரவரி 23 அன்று மாலை சூட்டிப் பலியிட்டு விழா எடுத்தார்கள். (நம் பஸ் டெர்மினஸ்களில் நிற்பதும் அந்தச் சாமியின் பெயர்தான்.) இந்தச் சொல்லில் நிறைவு முக்கியமில்லை, 'இதற்குமேல் இல்லை' என்பதே முக்கியம். ஒப்பந்தம், வேலை, கடைசி நிலையத்தில் நின்றுவிடும் ரயில் எல்லாம் இதன் கணக்கு. வேலையை ஃபினிஷ் செய்தவருக்குப் பாராட்டு கிடைக்கும். வேலையிலிருந்து டெர்மினேட் ஆனவருக்குக் கடிதம்தான். சாப்பாட்டை டெர்மினேட் செய்தேன் என்றால் சிரிப்பார்கள்.