இரண்டு நீள ஸ்லாட்டைக் காட்டி விற்கிறார்கள், உஷார்

இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு கேமிங் பிசி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள், மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கடையில் நான் தெளிவாகத்தான் கேட்டேன்: இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 கார்டுகளை எஸ்எல்ஐ-யில் (இரண்டு என்விடியா கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் முறை) ஓட்ட வேண்டும், இந்த போர்டு போதுமா? "ரெண்டு பெரிய ஸ்லாட் இருக்கு பாருங்க சார், தாராளமா ஓடும்" என்றார் கடைக்காரர். பெட்டியில் இருந்த கிராஸ்ஃபயர் (இரண்டு கார்டு ஓட்டும் இன்னொரு முறை) முத்திரையையும் காட்டினார். பி450 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) உள்ள போர்டு அது. எல்லாம் மாட்டி, இரண்டு கார்டையும் இணைக்கும் பிரிட்ஜ் போட்டு, டிரைவரும் ஏற்றியாயிற்று. என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ என்ற ஆப்ஷனே வரவில்லை.

பிறகுதான் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் ஸ்லாட்டில் பின்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருக்கின்றன. இரண்டாவதில் பாதி கூட வரவில்லை, மீதி வெறும் பிளாஸ்டிக்! இந்த போர்டில் போடும் ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன் ப்ராசஸர் கிராபிக்ஸுக்குத் தருவது பொதுவாக 16 லேன், அதாவது டேட்டா போகும் பாதை. எக்ஸ்470 போர்டு என்றால் அதை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்க முடியும். பி450 போர்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, பதினாறும் முதல் ஸ்லாட்டுக்கே போய்விடும். இரண்டாவதற்கு சிப்செட் வழியாக வருவது பெரும்பாலும் 4 லேன்தான். எஸ்எல்ஐ-க்கு கார்டுக்கு 8 லேனாவது வேண்டும். கிராஸ்ஃபயர் ஏஎம்டி கார்டுகளுக்கானது, அது 4 லேனிலும் ஓடும். அந்த முத்திரையை நம்பி என்விடியா கார்டு வாங்கவே கூடாது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "போர்டுல ஃபால்ட் இல்லையே சார், சீலும் உடைச்சாச்சு" என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே அங்கேதான். போர்டில் குறை இருப்பதாக யார் சொன்னது? விற்கும்போது சொன்ன வார்த்தைதான் பொய்.

8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 16 ஜிபி ஆகிவிடும் என்றும் சொன்னார்கள். எஸ்எல்ஐ-யில் மெமரி அப்படி ஒன்றாகச் சேராது, ஒவ்வொரு கார்டும் அதே டேட்டாவைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும்.

இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேம் இரண்டு கார்டில் ஓட டிரைவரில் இருக்கும் அமைப்பு) சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இரண்டு கார்டைக் கோர்க்கும் என்விலிங்க் இணைப்பே கிடையாது. புது கேமில், டைரக்ட்எக்ஸ் 12 அல்லது வல்கன் (கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் மென்பொருள்கள்) வழியாக அந்த கேமே இரண்டு கார்டுக்கு எழுதப்பட்டிருந்தால்தான் பலன். அப்படிப்பட்ட கேம்கள் மிகக் குறைவு.

இதற்குப் பிறகும் வாங்குவதென்றால், போர்டின் மேனுவலில் ஸ்லாட் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு கார்டு போடும்போது "எக்ஸ்8/எக்ஸ்8", அதாவது கார்டுக்கு 8 லேன், என்று அச்சாகியிருக்க வேண்டும். எஸ்எல்ஐ ஆதரவு உண்டு என்று பில்லிலும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.