சவரக்கத்திக் கைப்பிடிக்கு ஆணி தறைதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சவரக்கத்தி ஒன்றைப் பிரித்து, துருவை நீக்கி, அதன் பழைய கொம்புக் கைப்பிடியையே புதிய பித்தளைக் கம்பியால் தறைந்து (அதாவது கம்பியைத் துளையில் செருகி, அதன் இரு முனைகளையும் சுத்தியலால் தட்டித் தலையாக விரித்து), பல ஆண்டுகளாக அதைக் கொண்டே சவரம் செய்து வருகிறேன். தீட்டுவதைப் பற்றியும் தோல் வாரில் தேய்ப்பதைப் பற்றியும் எழுதுவோர் ஏராளம். அன்றாடம் திறந்து மூடும் கத்தியில் கையால் தறைந்த ஆணி எப்படி உழைக்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

மடக்குச் சவரக்கத்தியின் கைப்பிடி இரண்டு மெல்லிய பட்டைகளால் ஆனது. ஒரு முனையில் உள்ள ஆணி அலகின் தண்டை ஊடுருவிச் செல்கிறது. மறுமுனையில் உள்ளது பட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஆப்பைப் பிடித்துக்கொள்கிறது. பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் அந்த ஆப்பு ஈயத்தால் ஆனது. ஆப்பு ஆணிக்கு அசையாமல் இருப்பது மட்டுமே வேலை. சுழல் ஆணியோ பட்டைகளை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், அலகைச் சுழலவும் விட வேண்டும். தறைவதில் உள்ள சிரமம் முழுவதும் இந்த ஓர் ஆணியில்தான் இருக்கிறது.

கம்பியின் வழக்கமான விட்டம் 1/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை சுத்தியலுக்கு நன்றாக இணங்கும். கடைசல் வேலைக்கென்று ஈயம் சேர்த்த பித்தளையோ தலை விரியும்போது ஓரங்களில் வெடிக்கும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர் கம்பி சற்றுக் கடினமானது. களிம்பு எளிதில் ஏறாது என்பது அதன் சிறப்பு. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி முழுவதும் இளக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படி இளகிய கம்பி, தலை விரிவதற்கு முன்பே துளைக்குள் பருத்துக் கொம்பைப் பிளக்கப் பார்க்கும்.

பழைய ஆணியை எடுக்கும்போது அதன் தலையை அரத்தால் முழுவதும் தேய்த்து நீக்கிய பிறகே மெல்லிய துளைக்கோலால் தள்ள வேண்டும். தலை இருக்கும்போதே அடித்தால் நூறாண்டு காய்ந்த கொம்பு ஆணியைச் சுற்றி விரிசல் விடும். புதிய கம்பியைத் தறைவதற்கு முன்னால், அதே துளையில் 1.5 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்திருகையும் மரையையும் தற்காலிகமாகப் பொருத்தி, மூடும்போது அலகு இரு பட்டைகளுக்கும் நடுவே இறங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். அலகு ஒரு பக்கம் சாய்ந்தால் குறை பெரும்பாலும் ஆப்பின் சரிவிலோ துளைகளின் நேர்மையிலோ இருக்கும். அதை ஆணியை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

ஆணித் தலைக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் சிறு உலோக வளையமான வாஷருக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய அளவு அதன் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 0.8 மில்லிமீட்டர். இதைவிடக் கூடினால் தலை விரியாமல் மடங்கும். குறைந்தால் வாஷரைப் பிடிக்க உலோகம் போதாது. நூறு கிராமுக்கு மேற்படாத, உருண்டை முகம் நன்கு மெருகேறிய சுத்தியலைக் கொண்டு, நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, நகத்தால் தட்டுவது போன்ற மெல்லிய அடிகளாக அடிக்க வேண்டும். சில அடிகளுக்கு ஒருமுறை கத்தியைப் புரட்டி மறுபக்கத்தையும் அடித்துவந்தால் இரு தலைகளும் ஒன்றாக வளரும். அடிபட அடிபடப் பித்தளை கடினமாகும் என்பதால், அவசரப்பட்டு ஓங்கி அடிப்பவருக்குத் தலையின் ஓரத்தில் நட்சத்திரம் போன்ற வெடிப்புகளே கிடைக்கும்.

நீண்ட காலப் பயன்பாட்டுக்கு வருவோம். தறைந்த புதிதில் சரியாக இருந்த இறுக்கம், வாஷர்கள் கொம்பில் படிந்ததும் சற்றுத் தளர்ந்தது. பிறகு அது பருவத்தோடு மாறிக்கொண்டே இருக்கிறது: மழைக்காலத்தில் கொம்பு ஈரம் ஏற்றுப் பருப்பதால் அலகு கனமாகத் திறக்கிறது, கோடையில் காய்ந்து சுருங்குவதால் இலகுவாகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறையாக நான் கருதுவதில்லை. அலகு தன் எடையால் தானே விழும் அளவுக்குத் தளர்ந்தால் மட்டும் சிறு பட்டடையில் வைத்து இரண்டு மூன்று தட்டுகள் தட்டுகிறேன். இழந்த இறுக்கம் திரும்பிவிடுகிறது. எதையும் பிரிக்காமலே இறுக்க முடிகிற இந்த வசதிக்காகவே, நிரந்தரமாகத் திருகு பொருத்துவதைவிடத் தறைவதையே நான் விரும்புகிறேன். திருகையும் பயன்படுத்திப் பார்த்தேன்; அலகு தினமும் சுழலும்போது மரையும் கூடவே மெல்ல நகர்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சோப்பு நீர் வாஷரின் அடியில் தங்கினால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். அதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாத சுழல் துளைக்குள் எஃகு துருப்பிடிக்கும். துடைத்து உலர்த்தி, எப்போதாவது ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட கத்திகள் பலவற்றில் காணப்படும் பழைய செல்லுலாய்டு (ஆரம்பகாலப் பிளாஸ்டிக்) கைப்பிடிக்கு இந்த அனுபவம் முழுவதும் பொருந்தாது. அது சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளிவிட்டு அலகை அரிக்கும். அத்தகைய பட்டைகளை எவ்வளவு நேர்த்தியாகத் தறைந்தாலும் பயனில்லை, அகற்றிவிடுவதே வழி. கொம்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அலகு ஆடியபடியே பயன்பட்ட கொம்புக் கைப்பிடியில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அங்கே ஆணியை மேலும் இறுக்குவதைவிட, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகி, அதனுள் புதிய கம்பியைத் தறைவதே நிலைக்கும்.