மவுண்டன் பைக் பாகங்கள்: எதில் தாராளம், எதில் சிக்கனம்

ஒரே ஃபிரேமில் மலிவான பாகங்களையும் விலை கூடின பாகங்களையும் கலந்து மாட்டி, சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். ஷிமானோ நிறுவனத்தின், கேபிளால் கியர் மாற்றும் 12 கியர் வரிசையில் டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் (மலிவானதிலிருந்து விலை கூடினது வரை) நான்கும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதால் இப்படிக் கலப்பதில் சிக்கல் இல்லை. எது சீக்கிரம் தேயும், எது தேயாது என்று பார்த்து வாங்கினால் பணம் வீணாகாது என்பதே என் அனுபவம்.

செயினும், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசட்டும் தேயத்தான் செய்யும். அதனால் இரண்டுமே டியோர். இந்த கேசட்டில் பல்சக்கரங்கள் எல்லாமே எஃகு. எக்ஸ்டியில் 45, 51 பல் கொண்ட பெரிய சக்கரங்கள் இரண்டும் அலுமினியம். எடை வித்தியாசம் சுமார் 120 கிராம். பாட்டிலில் நாலு மடக்கு தண்ணீர் குடித்தால் அந்த எடை குறைந்துவிடும். ஏற்றத்தில் அதிகம் உழைப்பதே அந்தப் பெரிய சக்கரங்கள்தான், அங்கே அலுமினியத்தைவிட எஃகு நாள்பட உழைக்கும். செயின் தேய்ந்து 0.5 சதவீதம் நீண்டுவிட்டதாக அளக்கும் கருவி காட்டியதும் செயினை மாற்றிவிடுகிறேன், அதனால் கேசட் இன்னும் நன்றாகவே இருக்கிறது. செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டெரெய்லரும் டியோர்தான். பாறையில் உரசினால் முதலில் அடி வாங்குவது அதுதானே! செயின் துள்ளாமல் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் அதிலேயே உண்டு.

ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர் மட்டும் எக்ஸ்டி. ஏற்றம் முடிந்து சட்டென்று இறக்கம் தொடங்கும் இடத்தில், ஒரே அழுத்தில் இரண்டு கியர் மாறுகிறது. அந்தச் சொடுக்கின் தெளிவு இன்றுவரை மாறவில்லை.

உண்மையான வித்தியாசம், முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் ஃபோர்க்கில்தான் தெரிந்தது. முதலில் இருந்தது ஸ்பிரிங் வைத்த மலிவான ஃபோர்க். அமுங்கியது திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் அமைப்பே அதில் கிடையாது. வேர்கள் வரிசையாக வரும் இறக்கத்தில், முதல் வேரில் அமுங்கியது பட்டென்று எகிறும்; டயர் மறுபடி தரையில் படிவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தே விரல்கள் மரத்துப்போகும். இப்போது இருப்பது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க். ஏறி நின்று பார்த்தால், ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் அமுங்கும்படி என் எடைக்குக் காற்றை வைத்துக்கொண்டு, அப்புறம் ரீபவுண்டைத் திருகிச் சரிசெய்தேன். அதே வேர்களின் மேல் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

ஆனால் இதற்குப் பராமரிப்பு அதிகம். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். அதைத் தள்ளிப்போட்டால் எவ்வளவு நல்ல ஃபோர்க்கும் இறுகிப்போகும். வாங்கும்போதே அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிரேக்கைப் பொறுத்தவரை, மேடுபள்ளம் குறைவான பாதைக்கு பேடை அழுத்தும் பிஸ்டன் இரண்டு கொண்ட, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அடிப்படை ஹைட்ராலிக் பிரேக் தாராளமாகப் போதும். நீண்ட இறக்கம் என்றால் நான்கு பிஸ்டனுக்குப் போகலாம். பேட் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டரையும் பாருங்கள்: ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று அச்சிட்டிருந்தால் அதில் மெட்டல் பேட் போடக்கூடாது, ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டயர் தேயும் பொருள்தான், ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்கமாட்டேன். மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப் போல ஒரே பெயரில் வரும் டயரே வெவ்வேறு ரப்பர் கலவைகளில் கிடைக்கிறது. மென்மையான கலவை ஈரப் பாறையிலும் பிடித்து நிற்கும். அதை முன்னால் போட்டு, சீக்கிரம் தேயும் பின்சக்கரத்துக்குக் கெட்டியான கலவையைப் போட்டிருக்கிறேன். ஃபோர்க் வாங்கப் பணம் சேரும்வரை முன் டயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.